அசையாதிருந்த ஒரு நாள்

இதில் நான் சரிபார்த்தவற்றை மட்டுமே எழுதுகிறேன். நோயைப் பற்றிச் சொல்லச் சொல்ல, இரண்டு மயக்கம் ஐந்தாகிவிடும். அதைப் படித்து இன்னொருவர் வீணாக அஞ்சக்கூடாது. ஆகவே மருத்துவக் குறிப்புகளில் உள்ளதும், என் மனைவி மறுக்காததுமே இங்கு இடம்பெறும். இரண்டாவது சோதனையில் தேறுவது கடினம்.

1993இல் எனக்கு நிணநீர்க் கணுக்களில் புற்றுநோய் வந்தது. மார்பில் கதிர்வீச்சுச் சிகிச்சை அளித்தார்கள், நோய் தீர்ந்தது. அதன்பின் இருபது ஆண்டுகள் திண்டிவனத்துப் பள்ளியொன்றில் தமிழ் கற்பித்தேன். பிறகு, மாடிப்படி ஏறும்போது சில நாள்களில் கண் இருளத் தொடங்கியது. விழுப்புரத்து இதய மருத்துவர் பழைய சிகிச்சையைக் கேட்டறிந்ததும், துடிப்பை ஒரு நாள் முழுவதும் பதியும் சிறு கருவியை என் மார்பில் பொருத்தினார். கண் இருளும் நேரத்தில் இதயம் என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு முடிவெடுக்க இயலும் என்றார்.

மறுநாள் பதிவைப் பார்த்தார். குறையேதும் இல்லை.

"சார், நேத்து முழுக்க என்னா பண்ணீங்க?"

"அசையாமல் அமர்ந்திருந்தேன்."

"யாரு சொன்னாங்க அப்படி இருக்கச் சொல்லி?"

யாரும் சொல்லவில்லை. கதிர்வீச்சு அறையில் நாள்தோறும் நான் கேட்ட ஒரே கட்டளை, அசையக்கூடாது என்பதுதான். அன்றுமுதல் மருத்துவக் கருவி என்றாலே என் உடல் தானாக அடங்கிவிடுகிறது.

"கொலு பொம்மை கணக்கா குந்திக்கினு இருந்தாரு டாக்டர். டீயைக்கூட நான்தான் வாயில வெச்சேன்" என்றாள் மனைவி.

மருத்துவர் சிரித்தார். "வழக்கமா செய்யறதை எல்லாம் செய்யுங்க சார். தனியா மட்டும் வேணாம்."

மீண்டும் கருவியோடு வீடு வந்தோம். மாடியில் காயவைக்க, எங்கள் பக்கம் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலைக் கூடையை என்னிடம் கொடுத்துவிட்டு, மனைவி பின்னாலேயே ஏறினாள். எட்டாம் படியில் கண் இருண்டது. அவள் என் சட்டையைப் பற்றி உட்கார வைத்தாள். பார்வை தெளிந்ததும் கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பேட்டில் நேரத்தை எழுதினேன்.

"கண்ணு சொருகிக்கினு போவுது, இதுல எழுத்து வேற! அந்தக் கூடையை வுடுங்க மொதல்ல!"

நான் எழுதிய நேரத்தில்தான் இதயம் சில நொடிகள் நின்றிருந்ததாகப் பதிவு காட்டியது. பேஸ்மேக்கர் வைத்தார்கள். அதன்பின் கண் இருளவில்லை. குணமடைந்து முதன்முதலாக மாடியேறியபோது, "வெறுங்கையோடவா ஏறுறீங்க?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

இது கதிர்வீச்சின் பின்விளைவாக இருக்கலாம் என்பது மருத்துவரின் கருத்து. வேறு காரணமும் இருக்கலாம் என்றார். அந்நாளில் என் இதயத்தின்மீது எவ்வளவு கதிர் பட்டது என்பதற்குக் குறிப்பு எதுவும் கிடைக்கவில்லை. அது எனக்குத் தெரியாது.