சந்தனக் கிண்ணமும் செத்த ஸ்விட்சும்

செத்துப்போன ஒரு டப்பாவுக்குள் சரோஜா அக்காவின் மாமனார் உட்கார்ந்திருக்கிறார் என்று நான் முழுசாக நம்பினேன். சிரித்துக்கொள்ளுங்கள். பேய் என்று யாராவது ஆரம்பித்தாலே, "மொதல்ல உங்க ஊட்டு வயரிங்கப் பாருங்க" என்று அவர்கள் வாயை அடைத்துத் திரிந்த ஆள் நான்.

குமாரபாளையத்தில் அக்காவின் தறிப்பட்டறை. கம்ப்யூட்டர், கேமரா வயரெல்லாம் வந்து சேரும் டப்பாவுக்கு ஸ்விட்ச் என்று பெயர். பழைய ஸ்விட்ச் இடியில் போய்விட்டது. காலமான மாமனார் வாங்கி வைத்தது என்பதால் யாரும் தூக்கிப் போடவில்லை. புதிதை மாட்டப் போன நான், பழையதைக் கழற்றி, பவர் வயரையும் உருவி, அட்டைப்பெட்டிக்குள் வைத்தேன். பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாமே என்றார் அக்கா. நான் விடவில்லை. அங்கே உடைத்து எரிப்பார்கள், உள்ளே இருக்கும் ஈயம் மண்ணுக்குப் போகும், காவிரிக்குச் சாயத்தண்ணீர் போதாதா? சேலத்தில் அரசு அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் கொடுப்பேன் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். எனக்கே என்னைப் பிடித்துப்போனது.

மெயினை அணைத்து, ரப்பர் கையுறை போட்டு, இரும்பு ரேக்கைச் சுவரோரம் நிறுத்திப் புது ஸ்விட்சை மாட்டியாயிற்று. எர்த் கம்பி மட்டும் பாக்கி. அதற்குள் அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்துவிட்டார்.

"ஏஞ்சாமி, ராகு காலம் பொறக்கப் போவுது. பொட்டு வெச்சுர்றேன், அப்பறம் கம்பியக் கட்டுங்க."

"எர்த் குடுத்துர்றனுங்க்கா, அஞ்சே நிமிசம்."

"மிசினுக்குப் பொட்டு வைக்காம இந்தப் பட்டறைல எதுவும் ஓடுனதில்லீங்க."

பொட்டு வைத்த கையோடு புது ஸ்விட்சில் விளக்கு எரிய வேண்டுமாம். நான் தடுப்பதற்குள் பட்டறையின் தறி ஃபிட்டர் பழனிசாமி மெயினைப் போட்டுவிட்டார். அக்கா ஈரச் சந்தனத்தைக் குழைத்து, ரேக்கை நோக்கிக் கையை நீட்டினார்.

அப்போதுதான் என் காலடியில் அட்டைப்பெட்டிக்குள் பச்சை வெளிச்சம். குனிந்து பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், வயரே இல்லாத பழைய ஸ்விட்சில் அத்தனை விளக்கும் ஒன்றாக எரிந்தது.

நான் என்ன வீரமாகவா கத்தினேன்? "அக்கா! உங்க மாமனார் வந்திருக்காருங்க!" என்று அலறிக்கொண்டு நூல் மூட்டை மேல் ஏறிவிட்டேன்.

மாமனார் என்ற பேச்சு காதில் விழுந்ததும் அக்காவின் கை, பழக்கத்தில், ரேக்கை விட்டுவிட்டு முந்தானையை இழுத்துத் தோளை மூடியது. சந்தனமெல்லாம் சேலையில்.

பழனிசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏனுங்ண்ணா, பெரியவரு கேமராவுல எங்களப் பாக்க வந்துட்டாருங்களா?"

மூட்டையை விட்டு இறங்க ஒரு சாக்கு வேண்டுமே என்று டெஸ்டரை எடுத்து, பெரிய மனிதன் மாதிரி ரேக்கைத் தொட்டுக் காட்டினேன். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. சிரிப்பு நின்றது. பழனிசாமி ஓடிப்போய் மெயினை அணைத்தார். ரேக்குக்குப் பின்னால், தறி மோட்டாருக்குப் போகும் வயர் தோலுரிந்து, இரும்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வயரை மாற்றி, எர்த் கொடுத்து, டெஸ்டர் எரியாததைக் காட்டிய பிறகுதான் பொட்டு வைக்க விட்டேன். அதுவும் ராகு காலத்திலேயே. பயந்தே ஓர் உயிரைக் காப்பாற்றிய ஆள் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான் என்று காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு சொல்வேன்.

பழைய ஸ்விட்சைச் சேலத்துக்கு நானே கொண்டுபோனேன். அங்கிருந்தவர் என் கண் முன்னால் மூடியைத் திறந்தார்.

"இதுல பவர் போர்டே இல்லீங்களே. யாரோ முன்னாலயே கழட்டிட்டாங்க."

எட்டிப் பார்த்தேன். விளக்குகளுக்குக் கரண்ட் கொடுக்கும் பலகை இருக்க வேண்டிய இடத்தில் நாலு திருகாணி ஓட்டை மட்டும் இருந்தது.