சாய்ந்தமருதில் ஓர் ‘ஓம்’ வாங்கப் போனது

எங்கள் இசைக்குழுவில் நான்கு பேர். நான் தகரத்தில் வயலின் வில்லை இழுப்பவன். சிரிக்காதீர்கள், அதற்குப் பரிசோதனை இசை என்று பெயர். கொழும்பு ஹோட்டல்களில் முப்பது வருடம் ஜாஸ் சாக்சபோன் வாசித்துவிட்டுத் தன் ஊரான சாய்ந்தமருதுக்குத் திரும்பியவர் ஜவ்பர் காக்கா; காக்கா என்றால் இங்கே அண்ணன். அவரைக் கௌரவிக்க ஒரு வருடம் மாரடித்து இசைத்தொகுப்பொன்று செய்தோம். அவர் ஓம், அதாவது சரி, என்றால்தான் வெளியீடு, இல்லையென்றால் ஒரு வருட உழைப்பும் குப்பைக்கு. பக்கத்தில் மட்டக்களப்பில் நான் இருப்பதால் அந்த ஓமை வாங்கிவரும் வேலை என் தலையில் விழுந்தது. போன மாதம் ஒரு சனிக்கிழமை புறப்பட்டேன்.

காலை 8.10க்கு பஸ். கல்முனைக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர், ஒன்றேகால் மணித்தியாலம். கடல் பார்க்கலாம் என்று இடது பக்க யன்னலைப் பிடித்தால் கடைகள்தான் தெரிந்தன. அங்கிருந்து சாய்ந்தமருதுக்கு மூன்று கிலோமீற்றர், ஓட்டோவுக்கு 300 ரூபாய்.

அந்த ஓட்டோவின் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிகள். ஓட்டுநர் நளீம் அறிவித்தலும் செய்வாராம். தொகுப்பைக் காக்காவுக்கு மட்டும் தனியாகப் போட்டுக் காட்டுவதா, ஊரையே கூப்பிடுவோமே என்று எனக்குப் புத்தி போயிற்று. ஜவ்பர் காக்காவின் பெயர், இசைத்தொகுப்பு, பின்னேர அஸர் தொழுகைக்குப் பின் அவர் வீட்டில் என்று எழுதிக் கொடுத்தேன். 1,500 ரூபாய். காக்காவிடம் மூச்சு விடவில்லை.

நளீமின் ஓட்டோ ஊரில் ஜனாஸா, அதாவது மரணமும் அடக்கம் செய்யும் தொழுகை நேரமும், அறிவிக்கும் ஓட்டோ என்பது எனக்குத் தெரியாது. அந்தக் குரலில் ஒரு பெயரும் அஸரும் காதில் விழுந்தால் ஊரில் யாரும் மிச்சத்தைக் கேட்பதில்லை.

இரண்டரைக்கு முதலில் மரண வீட்டுக்கு வருபவர்கள் உட்காரக் கதிரைகள் வந்தன, நாற்பது. பிறகு ஆட்கள். சாரனோடு கதவைத் திறந்த காக்காவைக் கண்டு முன்னால் நின்றவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கபுறுக் குழி வெட்ட மையவாடிக்குப் போன இருவரை ஃபோன் பண்ணித் திருப்பி அழைத்தார்கள். எனக்கு வெட்கத்தில் உயிர் போயிற்று. நளீமைப் பிடித்துக் கேட்டேன்.

“நான் மௌத்து எண்டு ஒரு சொல்லும் சொல்லல்லயே தம்பி.”

உண்மைதான். மரணம் என்ற பேச்சே இல்லாமல், நான் எழுதியதை எழுத்துப் பிசகாமல் வாசித்திருக்கிறார்.

அப்போதுதான் நிந்தவூரிலிருந்து காக்காவின் தம்பி றவூப் மோட்டார் சைக்கிளில் வந்து விழுந்தார். சாக்சபோன் விஷயத்தில் சண்டை பிடித்து, பதினொரு வருடம் இந்தப் படி மிதிக்காதவர். ஒரு காலில்தான் செருப்பு. காக்காவைக் கட்டிப் பிடித்துக் குழந்தை மாதிரி அழுதார். அழுது முடித்ததும் ஏசத் தொடங்கினார்.

வந்தவர்கள் வந்துவிட்டார்கள் என்று இஞ்சிப் பிளேன்டீ ஊற்றி, இசைத்தொகுப்பின் நாற்பத்திரண்டு நிமிடத்தையும் போட்டோம். என் தகரம் வந்த இடத்தில் ஒருவர் எழுந்துபோய் ஒலிபெருக்கியின் வயரை ஆட்டிப் பார்த்தார்.

போகிறவர்களுக்கு: வெள்ளி மதியம் கடைகள் பூட்டியிருக்கும், வேறு நாள் பாருங்கள். உயிரோடு இருப்பவரைக் கௌரவிக்கப் போனால் அவர் உயிரோடு இருக்கிறார் என்பதை முதல் வரியிலேயே அறிவியுங்கள்.

கடைசியாக, பயந்து பயந்து, வெளியிடலாமா என்று கேட்டேன். காக்கா பக்கத்தில் இருந்த தம்பியின் தோளில் கை வைத்தார்.

“பாட்டு எனக்கு ஒரு மண்ணும் விளங்கல்ல தம்பி. ஆனா நான் மௌத்தானாலும் இவன் வருவானோ எண்டு பதினொரு வருஷமா யோசிச்சிட்டிருந்தன். ஓம், வெளியில விடுங்க.”