அடித்துத் திருத்திய ஐ-பத்து

2024 மே 14, செவ்வாய்க்கிழமை. சோளகக் காற்று யன்னலூடாகப் புழுதியை வாரியிறைத்துக்கொண்டிருந்தது. பாலேஸ்வரி அடிமட்டத்தால் தாளை அமுக்கிப் பிடித்தபடி வைத்தியரின் கையெழுத்தை எழுத்தெழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தார்.

தனியார் மருத்துவமனையொன்றின் பதிவேட்டறையில், நோய்களுக்குக் குறியீடு இடுவது இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் தொழில். அளந்தபோது இரத்த அழுத்தம் கூடியிருந்தது என்று மட்டும் இருந்தால் குறியீடு ஆர்-மூன்று. உயர் இரத்த அழுத்த நோய் என்று வைத்தியரே எழுதினால்தான் ஐ-பத்து. "பஸ்ஸுக்கு ஓடிவந்தாலும் பிறசர் ஏறுந்தானே? அதுக்காக ஆளை வருத்தக்காரன் ஆக்கிறதோ?" என்பார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே வேலைக்கு வந்தவள் கஜானி. இப்போது வைத்தியர்கள் வாசலில் நின்று, "கஜானி எங்கை?" என்றே கேட்கிறார்கள். பாலேஸ்வரி முப்பது கோப்பு முடிக்கும் நாளில் அவள் அறுபது முடிப்பாள். அவள் சிரிப்பொலி கேட்டால் பாலேஸ்வரி எழுந்துபோய், பெரிதாக இரையும் பழைய மின்விசிறியைப் போட்டுவிடுவார். அவள் கொண்டுவரும் வடையைத் தொடமாட்டார். "எனக்கு எண்ணெய்ச் சாமான் ஒத்துவராது, பிள்ளை" என்பார். பத்து மணிக்குச் சிற்றுண்டிச்சாலையில் எண்ணெயில் பொரித்த றோல்ஸ் இரண்டு சாப்பிடுவார்.

பிரிவுப் பொறுப்பாளர் பதவிக்கு இருவருமே விண்ணப்பித்திருந்தனர். அன்று அடிமட்டத்தின் கீழ்க் கிடந்தது அப்பதவிக்கான கஜானியின் உடற்தகுதி அறிக்கை: இரத்த அழுத்தம் 150/96, மீண்டும் பார்க்கவும். நோயென்று பதிவானால் அவள் விண்ணப்பம் பின்தள்ளப்படும். பாலேஸ்வரி ஐ-பத்து என்று எழுதினார். அழகாகவே எழுதினார். தேநீர் ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடிமட்டத்தை வைத்து அதன்மேல் ஒரு கோடு இழுத்து, ஆர்-மூன்று என்று எழுதினார். பிழையை மறைக்கக்கூடாது, அடித்துக் கையொப்பமிட வேண்டும் என்பது அவ்வறையின் விதி. கையொப்பமிட்டார்.

கோப்புகளைச் சுமக்கும் கனகரத்தினம் எட்டிப் பார்த்தார். "வேறை தாளிலை எழுதுங்கோவன், அக்கா. ஆருக்குத் தெரியப்போகுது?"

"தாளுக்கு நம்பர் கிடக்கு. நீர் உம்மடை வேலையைப் பாரும்."

மத்தியானம் கஜானி வந்து தாளை வாங்கினாள். அவள் விரல் அந்தக் கோட்டின்மேல் நின்றது.

"அக்கா, முதல்லை எனக்கு ஐ-பத்து எண்டோ எழுதினியள்?"

மின்விசிறி இரைந்துகொண்டிருந்தது. பாலேஸ்வரி எழுந்துபோய் அதை நிறுத்தினார்.

"ஓம்" என்றார். "எழுதினனான்."