ராபினுக்கு ஓர் ஆமென்

குமாரதாசுக்கு ஆத்திரம் வந்தால் வாய் முதல் பஸ்ஸில் போய்விடும், புத்தி அடுத்த பஸ்ஸில்தான் வரும். ஆயுசில் பாதி நாகர்கோவில் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக நின்று, "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்திக் காய்ந்த வாய். அந்த வாய்தான் போன மாதம் மனைவி செல்லபாயிடம், "இந்த வாட்டியும் நாய்க் கண்காட்சியில கப்பு வாங்கல்லன்னா ராபினை ஒனக்க அண்ணங்கிட்டயே குடுத்திருதேன், போருமா?" என்று சொல்லித் தொலைத்தது.

செல்லபாய் சண்டைக்கு நிற்கவில்லை. நேரே போனை எடுத்தாள். குலசேகரத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் அண்ணன் யேசுதாசனிடம், "கண்காட்சி முடியுத ஞாயிறு சாயங்காலம் வண்டியக் கொண்டு வாங்க அண்ணே. தோட்டத்துக் காவலுக்கு ஆவும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவள் பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்தது. ரிட்டயர் ஆன நாள் முதல் மனுஷன் ஞாயிறு ஆராதனைக்கு எட்டிப் பார்க்கவில்லை. கேட்டால், "நாய்க்குப் பயிற்சி." பயிற்சியின் லட்சணமோ, ஓர் ஆறுதல் பரிசு கூட வீட்டுக்கு வந்ததில்லை. ராபின் நல்ல லாப்ரடார்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் நடுவர் பக்கத்தில் வந்தால் அவர் பேன்ட் பாக்கெட்டை மோந்து, கையை நக்கி, காலடியில் மல்லாந்து விடும்.

இந்த வருஷம் குமாரதாஸ் விடவில்லை. வாழைத்தோப்பில் காலையும் மாலையும் நிற்க வைத்துப் பழக்கி, நாய் ஆடாமல் அசையாமல் நிற்கும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். மகன் கத்தாரில். வீட்டில் அவர் பேசுவதைப் பொறுமையாகக் கேட்கும் ஒரே ஜீவன் ராபின்தான். அதையும் ஏற்றி அனுப்பிவிட்டால் அப்புறம் யாரிடம் பேசுவது?

ஞாயிறு காலை நாகர்கோவில் மைதானத்தில் நாய்களை விட மனுஷர்கள்தான் வேடிக்கையாக இருந்தார்கள். துபாயிலிருந்து வந்த ஷிஜின், தன் ஜெர்மன் ஷெப்பர்டுக்குக் கூலிங்கிளாஸ் மாட்டியிருந்தான். "அவனுக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும் அங்கிள், தமிழ்ல கூப்பிட்டா மூட் போயிரும்" என்றான். ஜிஷா என்றொரு பெண், தானும் தன் பொமரேனியனும் ஒரே ரோஸ் துணியில் கவுன் தைத்துப் போட்டு வந்திருந்தாள். புல் குத்தும் என்று அதை இறக்கியே விடவில்லை. 'இதுகளுக்கெல்லாம் கப்பு கிடைக்கும், எனக்குக் கிடைக்காது' என்று குமாரதாசுக்கு வயிறு எரிந்தது.

வரிசை நகர்ந்தது. முன்னால் ஒரே ஒரு நாய்தான் பாக்கி. அவர்கள் வீட்டில் பரீட்சைக்குப் போனாலும் பெண் பார்க்கப் போனாலும் ஜெபம் பண்ணாமல் படி இறங்கிய வழக்கம் கிடையாது. பழக்க தோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு குமாரதாஸ் வாய்விட்டுச் சொன்னார்:

"ஜெபம் பண்ணுவோம்."

தொப்பென்று படுத்தது ராபின். முன்னங்கால்களுக்கு நடுவே முகத்தை வைத்துக் கண்ணையும் மூடிக்கொண்டது.

வீட்டில் தினமும் மாலை நடக்கிற காரியம் இது. குடும்பத் தலைவன் என்ற முறையில் அந்த ஒரு வரியைக் குமாரதாஸ் சொல்லுவார். உடனே நாய் படுக்கும். அப்புறம் செல்லபாய் நீட்டி முழக்கி ஜெபித்து, "ஆமென்" என்பாள். நாய் எழும்பும். அதற்குள் குமாரதாஸ் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருப்பார். அவர் வாயிலிருந்து ஆமென் வந்து ராபின் கேட்டதே கிடையாது.

"ஆமென்!" என்றார். நாய் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தது, மூடிக்கொண்டது.

"ஆமென் ஆமென்! எழும்பு மக்கா! லேய், மானத்த வாங்காத லேய்!"

நடுவர் வந்து நின்றார். "நாய்க்கு உடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல சார், ஜெபத்துல இருக்கு."

நடுவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் குமாரதாசுக்கு இருந்த கொஞ்சம் நிதானமும் போயிற்று. பழைய கண்டக்டர் விசில் பாக்கெட்டில் கிடந்தது. எடுத்து ஊதினார். எத்தனை பஸ்ஸைக் கிளப்பிய விசில்! ராபின் அசையவில்லை. மைதானத்தில் மற்ற நாய்கள் மொத்தமும் கயிற்றை அறுத்துக்கொண்டு கிளம்பின. தமிழ் தெரியாத ஷெப்பர்டு, ரோஸ் கவுனைத் துரத்திக்கொண்டு ஓடியது. ஒலிபெருக்கியில் குமாரதாஸ் பெயரைச் சொல்லி வெளியே போகச் சொன்னார்கள்.

கடைசி முயற்சியாகச் செல்லபாய்க்குப் போன் போட்டார். ஆராதனை முடிந்து அப்போதுதான் எடுத்தாள்.

"ஏட்டி, ஸ்பீக்கர்ல போடுகேன். ஒரு ஆமென் சொல்லு."

"எதுக்கு?"

"நாய் எழும்பதுக்கு."

"ஆண்டவருக்க காரியத்துல வெளையாடுதியளா? அதும் ஞாயித்துக்கெழமை!" போன் கட்டாகிவிட்டது.

அவ்வளவு கனமான நாயைத் தூக்கிச் சுமந்து ஆட்டோவில் போட்டார். இடுப்பு பிடித்துக்கொண்டது. மதியம் செல்லபாய் சாப்பாட்டு ஜெபத்தை முடித்து ஆமென் என்றாள். திண்டாட வைத்த சனியன் துள்ளி எழும்பித் தட்டுக்கு ஓடியது. செல்லபாய் நாயைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். பொரித்த சாளை மீனில் பெரியதாக ஒன்றை எடுத்து அதன் தட்டில் போட்டாள்.

சாயங்காலம் யேசுதாசன் வண்டியோடு வந்துவிட்டார். குமாரதாஸ் நாயின் துண்டு, தட்டு, சங்கிலி எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். சொன்ன சொல், யாரைக் குற்றம் சொல்ல?

"ஜெபத்த முடிச்சிட்டுப் போலாம் அண்ணே" என்றாள் செல்லபாய்.

"ஜெபம் பண்ணுவோம்" என்றார் குமாரதாஸ். குரல் உடைந்தது. ராபின் படுத்தது. செல்லபாய் மகனுக்காக ஜெபித்தாள், அண்ணனுக்காக ஜெபித்தாள், அண்ணனுடைய ரப்பருக்காக ஜெபித்தாள். சட்டென்று நிறுத்தினாள். எழும்பி அடுக்களைக்குள் போய்விட்டாள்.

யேசுதாசன் கண்ணை மூடியபடி கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு தானே "ஆமென்" என்று சொல்லிக்கொண்டு சங்கிலியைப் பிடித்து இழுத்தார். நாய் நகரவில்லை.

"என்னட்டி இது, சவம் எழும்ப மாட்டேங்குது?"

"அதுக்கு இன்னும் ஜெபம் முடியல்ல அண்ணே. இருட்டுதுல்லா, நீங்க பொறப்படுங்க."

"மாப்ள, ஒரு கை பிடியும். தூக்கிப் போட்டிருவோம்."

"எனக்க இடுப்பு காலையிலேயே போச்சு மச்சான்" என்றார் குமாரதாஸ். அது பொய்யும் இல்லை.

"ரெண்டு பேருக்கும் கிறுக்கு முத்திப்போச்சு" என்று திட்டிக்கொண்டே யேசுதாசன் வண்டியை எடுத்தார்.

வண்டிச் சத்தம் முக்கு திரும்பி மறைந்தது. அடுக்களையிலிருந்து மெல்ல ஒரு குரல் வந்தது.

"ஆமென்."

ராபின் வாலை ஆட்டிக்கொண்டு அங்கே ஓடியது. குமாரதாசுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் வாய் வழக்கம்போல் முந்திக்கொண்டது.

"ஏட்டி, இந்த ஒத்த வார்த்தையக் காலம்பற போன்ல சொல்லியிருந்தா இப்ப கப்பு மேசையில இருக்குமே!"

"அடுத்த ஞாயிறு கோயிலுக்கு வந்து, நீங்களே சொல்லிப் படியுங்க" என்றாள் செல்லபாய்.