கடலில் விழுந்த ஸ்ரீரங்கம்

கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வரைபடம் போட்டவன் நான். ஓய்வு பெற்றதும் திருச்சியில் ஒரு கல்லூரி நூலகத்தில், பழைய நில வரைபடங்களைக் கணினியில் ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கூட வேலை பார்த்த பெண்தான் அதில் மாட்டிக்கொண்டாள்.

முசிறியிலிருந்து பஸ்ஸில் வருவாள். ஒப்பந்த வேலை. வரைபடங்கள் திங்கட்கிழமை இணையதளத்தில் ஏறிவிட்டால் நிரந்தரமாக்குவதாக நூலகர் சொல்லியிருந்தார். அவள் வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான்.

ஸ்கேன் செய்த படம் வெறும் படம். அதிலுள்ள கோபுரமும் பாலமும் மதகும் பூமியில் எங்கே இருக்கின்றன என்று அட்சரேகை, தீர்க்கரேகை எண்களால் சொன்னால்தான் அது இன்றைய வரைபடத்தின் மேல் சரியாக உட்காரும். அந்த எண்களைக் கணினியில் போட்ட கையோடு அவள் ஒரு நோட்டிலும் எழுதிவைப்பாள். சந்தேகம் வந்தால் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, அந்த இடத்திலேயே நின்று போனில் எண் பார்த்துவிட்டு வருவாள்.

“ஏம்மா, கம்ப்யூட்டர்லதான் இருக்கே, மறுபடி எதுக்கு எழுதுறே? பரீட்சை எதுவும் வருதா?” என்பேன்.

“இருக்கட்டும் சார்” என்று சிரிப்பாள்.

வெள்ளிக்கிழமை அவள் விடுப்பு. படங்களை யாரும் தம்முடையது என்று சொல்லிக்கொள்ளாமல் இருக்க, ஒவ்வொன்றிலும் கல்லூரியின் பெயரை மங்கலாகப் பதிக்கச் சொன்னார் நூலகர். இதென்ன பிரமாதம் என்று நானே உட்கார்ந்தேன். மகள் கல்யாணப் போட்டோக்களுக்கு எழுத்துப் போட்ட மென்பொருளில் நாற்பது படங்களுக்கும் பெயரைப் பதித்து, அவள் எண் போட்டு வைத்திருந்த கோப்புகளின் மேலேயே சேமித்தேன். பக்கத்தில் கிடந்த குட்டிக் கோப்புகளையும் குப்பை என்று அழித்தேன். அன்று எனக்கு ஏகப்பட்ட பெருமை.

சனிக்கிழமை காலை அவள் திறந்து பார்த்தாள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் எங்கள் பழைய ஸ்ரீரங்கத்தைக் காணோம். தேடிக்கொண்டே போனால், ஆப்பிரிக்காவுக்கு மேற்கே நடுக்கடலில் கிடக்கிறது. போட்டோ மென்பொருள் படத்தை வைத்துக்கொண்டு எண்களைத் தூக்கி எறிந்திருந்தது. எண் இல்லாத படம் பூஜ்யத்தில் போய் விழும். இரண்டு ரேகையும் பூஜ்யமாகும் இடம் அந்தக் கடலில் இருக்கிறது. நான் அழித்த குட்டிக் கோப்புகளில்தான் எண்களின் நகல் இருந்ததாம்.

நான் பென்ஷன்காரன், எனக்கு ஒன்றும் ஆகாது. போவது அவள் வேலை.

“நல்லாத் திட்டிடும்மா” என்றேன்.

“திட்டினா எண் வந்துடுமா சார்? முதல்ல ஸ்கேன் பண்ணின படமெல்லாம் தனியா இருக்கு. நான் படிக்கிறேன், நீங்க போடுங்க” என்று நோட்டைப் பிரித்தாள்.

இரண்டு நாள் அவள் படித்தாள், நான் தட்டினேன். எண்களுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் குறிப்புகள் இருந்தன. ‘பாலம், தெற்குக் கடைசித் தூண். மழை. குடை இல்லை.’ ‘மதகு. நாய் துரத்தியது.’ அவற்றை அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை. நான் எட்டிப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது. ஞாயிறு சாயங்காலம், எண்கள் கலையாத முறையில், நகலில் மட்டும் பெயரைப் பதித்தோம்.

திங்களன்று அவள் வருவதற்கு முன்னாலேயே போய் நூலகரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

“அந்தப் பொண்ணு சனிக்கிழமையே போன் பண்ணுச்சே. சாருக்குச் சொல்லிக் கொடுக்காம லீவு போட்டது என் தப்புதான்னு சொல்லுச்சுங்க.”

தன் வேலை ஊசலாடும்போது அடுத்தவர் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. “இல்லைங்க, முழுக்க முழுக்க நான்தான்” என்றேன்.

அவளுக்கு வேலை நிரந்தரமானது. வரைபடங்களில் கல்லூரியின் பெயர் மங்கலாகத் தெரிகிறது. பாலம் உள்ள படத்தைத் திறந்தால் என் கண் முதலில் அந்தப் பாலத்தின் தெற்குக் கடைசித் தூணுக்குத்தான் போகிறது. அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. அவள் குடையில்லாமல் நின்ற இடத்தில்.