அண்ணன் நிரப்பிய தோட்டாக்கள்

சுட்டு முடித்த பிறகு தரையில் கிடக்கும் காலி உறைகளைப் பொறுக்குவது என் வேலை. அண்ணனுக்கு முதுகுவலி, குனிய முடியாது. அந்தப் பித்தளை உறைகளில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தோட்டாவாக்குவது அவர் வேலை. எங்கள் துப்பாக்கி கிளப்பில் அதற்கென்று உரிமம் பெற்ற ஓர் அறை இருந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். ஒவ்வொரு ஞாயிறும் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளப்புக்குப் போவார். இருவருக்கும் சேர்த்து அவரே நிரப்புவார். அவர் நிரப்பியதை நான் ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை.

உறையின் அடியில், நடுவில், சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு வட்டம் இருக்கும். அதுதான் பிரைமர். பிஸ்டலின் ஊசி அதில் குத்தினால்தான் உள்ளே மருந்து பற்றும். குத்திய இடத்தில் வழவழவென்று ஒரு குழி விழும். எல்லா உறையிலும் அது ஒரே மாதிரி இருக்கவேண்டும்.

அன்று அப்படி இல்லை. சிலவற்றில் பிரைமர் நசுங்கித் தட்டையாகி, குழியைச் சுற்றி விளிம்பு எழும்பி நின்றது. ஒன்றில் ஊசி ஓட்டையே போட்டிருந்தது, சுற்றிலும் கரி. வேறு சிலவற்றில் பிரைமர் உறையைவிட்டு வெளியே தள்ளி விரலில் இடறியது. ஒன்றில் மருந்தின் அழுத்தம் தாறுமாறாக ஏறியிருக்கிறது, இன்னொன்றில் போதவில்லை. எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து வந்த தோட்டாக்கள்.

"அண்ணே, இதப் பாருங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஊசி ஸ்பிரிங் போயிருச்சு லா. பழைய பிஸ்டல்தானே."

"ஸ்பிரிங்னா எல்லாத்துலயும் ஒரே மாதிரிதானே இருக்கணும்?"

"எத்தன வருஷமா லோட் பண்றேன், எனக்குத் தெரியாதா?" என்றார். குரல் கடுமையாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து நான் மட்டும் கிளப்புக்குப் போனேன். கிளப் பெட்டகத்தில் இருந்த அண்ணனின் பிஸ்டலை, அங்கே துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் மலாய்க்காரர் பிரித்துப் பார்த்தார். ஊசி, ஸ்பிரிங், ஊசி வரும் துளை, எல்லாம் சரி. கம்பெனித் தோட்டாக்களை அதில் போட்டுச் சுட்டோம். குழிகள் அச்சில் வார்த்தது போல் விழுந்தன. பெட்டியில் மிச்சமிருப்பதைப் பிரித்துப் பார் என்று மட்டும் அவர் சொன்னார்.

அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு குண்டாகக் கழற்றி, உள்ளிருந்த மருந்தை எடை போட்டேன். ஒன்றில் ஒரு சிட்டிகைதான் இருந்தது. அடுத்ததில் இரண்டு தடவை போட்டது போல உறை நிறைய மருந்து. இன்னொன்றைக் கவிழ்த்தேன், ஒன்றுமே விழவில்லை. மருந்தில்லாத தோட்டாவில் பிரைமர் மட்டும் வெடித்து, குண்டைக் குழலின் நடுவிலேயே சிக்க வைத்துவிடும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் பிஸ்டல் கையிலேயே வெடிக்கும். அந்தத் தோட்டா என் பிஸ்டலுக்கும் வந்திருக்கலாம். ஆனால் அப்போது எனக்கு அந்தப் பயம்கூட வரவில்லை. மருந்து போட்டோமா இல்லையா என்பதே அண்ணனுக்கு நினைவில் நிற்கவில்லை. அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வேலை முடிந்து ஜெலுத்தோங்கில் அவர்கள் பிளாட்டுக்குப் போனேன். அண்ணன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணி அடுப்படியில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அண்ணனுக்கு ஏதாச்சும் மறதி இருக்கா?"

அண்ணியின் கத்தி நின்றது. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பசாருக்குக் காய் வாங்கக் கார்ல போனவரு, கெரேத்தாவ எங்க நிறுத்துனாருன்னே தெரியாம நடந்து வந்தாரு. ரெண்டு தடவ. உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு சாமி மேல சத்தியம் வாங்கிட்டாரு. சொன்னா உன்கூட ஷூட்டிங் போக முடியாதாம்."

கிளப் பொறுப்பாளரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அண்ணனிடம் முதலில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் கேட்கமாட்டார், அதற்குள் ஒருமுறை சுட்டுவிடுவார் என்று பயந்தேன். இன்றும் அதே நிலைமை வந்தால் அதையேதான் செய்வேன். ஆனால் நான் வேலையில் இருந்த ஒரு மதியம் அவர் தனியாகக் கிளப்புக்குப் போயிருக்கிறார். அறையின் பூட்டை மாற்றியிருந்தார்கள். காரணம் கேட்டிருக்கிறார். அங்கே நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி யாரோ சொல்லிவிட்டார்கள்.

அவர் போன் செய்தபோது நான் ஆபிஸில் இருந்தேன்.

"நீயா சொன்ன?"

"ஆமாண்ணே."

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல? நானே நிறுத்தியிருப்பேன்ல?"

அவர் போனை வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் மூளையைப் படம் எடுத்தார்கள். டாக்டர் சொன்ன நோயின் பெயரை அண்ணி இன்றுவரை வாயால் சொன்னதில்லை. உரிமத்தையும் பிஸ்டலையும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க அவர் அண்ணியுடன் போனார். நான் வாசலில் காத்திருந்தேன். வெளியே வந்தவர் என்னைத் தாண்டி நடந்து போய்க் காரில் ஏறிக்கொண்டார். தீபாவளிக்குப் போனேன். அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். முறுக்கை அண்ணி கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். நானும் சுடுவதை விட்டுவிட்டேன்.

போன மாதம் போனபோது கதவைத் திறந்தது அண்ணன்தான். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா வா, எங்க ஆளயே காணோம்? வேல ரொம்ப பிஸியா?"

கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அண்ணி எனக்குப் பின்னால் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அண்ணனின் கோபம் போய்விட்டது. மன்னித்ததால் அல்ல, எதற்குக் கோபம் என்பதே அவருக்கு நினைவில்லாததால். அவர் என்னோடு சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மைலோவை ஆற்றிக் கொடுத்துவிட்டு, என் பெண் எந்த வகுப்பு படிக்கிறாள் என்று கேட்டார். அவள் வேலைக்குப் போகிறாள். சொன்னேன். தலையாட்டினார். சற்று நேரம் கழித்து மறுபடி அதையே கேட்டார்.