பதினேழாம் எண் பூட்டு

இது நடந்தது. புளுகு என்று நினைப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீரப்பாளையத்தில் கயல்விழி வீட்டுக்குப் போய், அவள் வலது உள்ளங்கையைக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம். சாவியின் பல் பதிந்த தழும்பு இருக்கிறது. நான்கு பல், எண்ணிக்கொள்ளலாம். பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்று அடம் பிடிப்பவர்களுக்கும் ஒரு சேதி. இது வந்தது பகல் 12.52-க்கு. கேன்டீனில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. சாப்பிடப் போகிறவர்கள் சாப்பிட்டுவிட்டே வாருங்கள். பிறகு இறங்காது.

கயல்விழி சிதம்பரத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருஷம். கடலூருக்குத் தெற்கே ஒரு கார் கம்பெனியில் முப்பது நாள் இன்டர்ன்ஷிப். கம்பெனி பெயர் வேண்டாம். உங்கள் தெருவிலேயே அந்தக் கார் இரண்டு நிற்கும். முப்பதாம் நாள் லைன் சூப்பர்வைசர் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள் இல்லாவிட்டால் டிகிரி இல்லை. டிகிரி இல்லாவிட்டால் ஜூலையில் சேரச் சொல்லியிருந்த சென்னை வேலையும் இல்லை. வீட்டிலோ, அந்த வேலையைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்கள்.

அவளைப் போட்டது பிரஸ் ஷாப்பில். எண்ணூறு டன் பிரஸ், இரண்டு மாடி உயரம். கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு. நடுவில் தட்டையான தகடு போகும், மேல் அச்சு இறங்கும், தகடு கார் கதவாக வெளியே வரும். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கேன்டீன் டம்ளரில் டீ நடுங்கும். தகட்டுக்கும் தொடைக்கும் வித்தியாசம் தெரியாத மெஷின்.

அதனால் அங்கே இரண்டு வழக்கம். அச்சுக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் மெயின் சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட வேண்டும். பூட்டில் அவரவர் போட்டோ, சாவி அவரவர் கையில். ஒரே ஒரு பூட்டு தொங்கினாலும் பிரஸ்ஸுக்குக் கரண்ட் போகாது. போட்டவர்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று, தட்டுவது. அந்த இரைச்சலில் கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது. ஆகவே கடைசிப் பூட்டை எடுக்கும் முன் பிரஸ் தூணில் ஸ்பானரால் மூன்று தட்டு. உள்ளே ஆள் இருந்தால் இரண்டு தட்டு பதில் வரும். கையை வைத்தால் தூண் அதிர்வது தெரியும். பதில் இல்லையென்றால் ஓட்டலாம்.

முதல் நாள் காலை 6.10-க்கு ஸ்டோர் ஜன்னலில் போய்ப் பெயரைச் சொன்னாள். பாதி திறந்திருந்த ஜன்னலிலிருந்து ஒரு கை மட்டும் வந்து, சிவப்புப் பூட்டு ஒன்றையும் சாவியையும் வைத்துவிட்டு உள்ளே போனது. எதிலும் கையெழுத்துக் கேட்கவில்லை. விரல்களெல்லாம் தட்டையாக இருந்தன. நசுங்கின நகம், கறுத்திருந்தது. பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்த கை போலிருக்கிறது என்று நினைத்தாள். சரியாகத்தான் நினைத்தாள்.

பூட்டில் 17 என்று எண். போட்டோ ஒட்டுகிற இடம் காலியாக இருந்தது, தன் படத்தை ஒட்டிக்கொண்டாள். அதன் வளைந்த கம்பியைச் சுற்றி மயிரிழை அளவுக்கு ஒரு கோடு ஓடியது. வெட்டிவிட்டு ஒட்ட வைத்தது போல. வெல்டிங் மாதிரி இருந்தது, ஆனால் வெல்டிங் இல்லை. மெக்கானிக்கல் படிப்பவள் அல்லவா, அரை மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விளங்கவில்லை.

பத்தாம் நாள் பூட்டு கையில் சுட்டது. வெயில் படாத இடத்தில் தொங்கிய பூட்டு. பதினெட்டாம் நாள் வெளியே வந்த ஒரு கதவுத் தகட்டில், உள்ளேயிருந்து குத்தினாற்போல் ஐந்து சின்னப் புடைப்புகள். ஒரு கட்டை விரல், நான்கு விரல். கூட வேலை பார்த்த ஆபரேட்டர் ராஜவேல், குமராட்சிக்காரர், அதைப் பார்த்துவிட்டுக் கழிவுத் தொட்டியில் போட்டார். அதற்கு மேல் ஒரு சாக்கையும் போட்டு மூடினார்.

முப்பதாம் நாள் வந்தது.

12.40. துண்டுத் தகடு ஒன்று அச்சில் மாட்டிக்கொண்டது. ராஜவேலும் கயல்விழியும் பூட்டுப் போட்டு, உள்ளே போய் எடுத்துவிட்டு வெளியே வந்தார்கள். ராஜவேல் தன் பூட்டை எடுத்தார். கயல்விழி தூணில் மூன்று தட்டினாள்.

டங்… டங்… டங்.

ஒன்றும் இல்லை. சாவியை நுழைத்தாள்.

டங்… டங்.

உள்ளிருந்து.

ராஜவேல் ஹெல்மெட்டைக் கழற்றினார். காலியாகக் கிடந்த அச்சைப் பார்த்து, "இரு மச்சான்," என்றார். அந்த ஷாப்பில் அவருக்கு மச்சான் முறையில் யாரும் கிடையாது. பிறகு இவள் பக்கம் திரும்பினார்.

"சாவிய கைலயே வச்சுக்க பாப்பா. யாரு கேட்டாலும் குடுக்காத. நான் சேப்டி ஆபீசரக் கூட்டிட்டு வரேன்."

போனார். ஓடவில்லை. மெதுவாக நடந்து போனார். அது அவளுக்கு அப்போதே ஒரு மாதிரியாக இருந்தது.

12.48-க்கு லைன் சூப்பர்வைசர் இளவரசு வந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவசரக்காரர். இரண்டு மணிக்குள் இன்னும் நாற்பது கதவு போக வேண்டும், பிரஸ் நிற்கிறது.

"ஏம்மா, பூட்டு எதுக்குத் தொங்குது?"

"உள்ள யாரோ தட்றாங்க சார்."

"யாரு, உன் மாமனா?"

சட்டைப் பையிலிருந்து அவளுடைய தாளை எடுத்துக் காட்டினார். கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது. "இது வேணும்னா பூட்ட எடு. வேணாம்னா அடுத்த வருஷம் வா, ஜூனியர் பசங்களோட."

கயல்விழி சாவியை விடவில்லை. அவர் தாளை மறுபடி பையில் செருகிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த நீளக் கட்டரை எடுத்தார். பழகிய கை. பையன்கள் பூட்டை மறந்துவிட்டுச் சாவியோடு வீட்டுக்குப் போய்விடுவார்களாம், அறுத்துத்தான் ஓட்டுவார்களாம், இதொன்றும் புதிதில்லையாம். கட்டரின் வாய் பூட்டுக் கம்பியைக் கவ்வியது. கோடு ஓடிய அதே இடத்தில்.

அவள் குறுக்கே கையை வைத்தாள்.

"உள்ள ஆளு இல்லன்னு ஒருவாட்டி பாத்துடுங்க சார். அப்புறம் அறுங்க."

இதை அவள் சொல்லியிருக்க வேண்டாம்.

இளவரசு தன் பூட்டைப் போடவில்லை. "அதான் உன்னுது தொங்குதே," என்றார். டார்ச்சை அடித்துக்கொண்டு இடுப்பு வரை உள்ளே நுழைந்தார். அவர் உயிர் இப்போது அவள் பூட்டில் தொங்கியது. அவள் பூட்டை ஒரு கையிலும் சாவியை ஒரு கையிலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

12.52.

"பாரு. ஒருத்தனும்…"

டார்ச் அசையாமல் நின்றது.

"யோவ்… நீயா…"

பூட்டு சுட்டது. பூட்டித்தான் இருந்தது. ஒரு விளக்குகூட எரியவில்லை. மோட்டார் ஓடவில்லை.

மேல் அச்சு இறங்கியது.

கண் மூடித் திறப்பதற்குள் அடிக்கிற பிரஸ் அது. அன்று மெதுவாக வந்தது. ஒரு ஜாண்… நின்றது. இன்னொரு ஜாண்… நின்றது.

அவர் கத்தினார். அவள் பாய்ந்து காலைப் பிடித்து இழுத்தாள். ஷூ கையோடு வந்தது.

மறுபடி இழுத்தாள்.

உள்ளேயிருந்தும் யாரோ இழுத்தார்கள்.

எலும்பு ஒவ்வொன்றாக… பட்… பட்… பட்.

அவள் போட்டிருந்த பாதுகாப்புக் கண்ணாடி முழுக்கச் சிவப்பு.

கடைசியில் ஆயுதபூஜைப் பூசணிக்காயை வாசலில் போட்டு உடைத்தாற்போல் ஒரு சத்தம்.

கால்கள் உதறின.

நின்றன.

அப்புறம்…

டங்… டங்.

போலீஸ் வந்தது, அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்தார். பூட்டு பூட்டியபடி இருந்தது. சுவிட்ச் அணைந்திருந்தது. மேல் அச்சைப் பிடித்து நிறுத்தும் பிரேக்கை மூன்று நாள் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள், புதுசு போல் இருந்தது. காரணம் தெரியவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். ராஜவேல் அன்று சேப்டி ஆபீசரிடம் போகவே இல்லை. கேன்டீனில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை சாம்பார் வாங்கினாராம்.

அது நடந்த நான்காம் நாள் கயல்விழி, சாவி பதிந்த உள்ளங்கையில் கட்டோடு, போலீஸ் பார்த்துவிட்டுக் கொடுத்த பூட்டைத் திருப்பிக் கொடுக்க ஸ்டோருக்குப் போனாள். ஜன்னலில் ஜான்சி என்கிற அம்மாள் இருந்தார். பூட்டின் எண்ணைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"இத யாரு குடுத்தா உனக்கு?"

சேர்ந்த அன்று காலை, இதே ஜன்னலில் என்றாள்.

"அன்னிக்கு எங்க அண்ணன் பொண்ணுக்குக் கல்யாணம். நான் சிதம்பரத்துல இருந்தேன். ஸ்டோரு சாவி என் கைப்பைக்குள்ள இருந்துச்சு."

பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். பதினேழு, அய்யனார் என்கிற ஒப்பந்தத் தொழிலாளியின் பூட்டு. நாலு வருஷத்துக்கு முன் பகல் சாப்பாட்டு நேரத்தில் பூட்டு தொங்கியிருக்கிறது. பையன் மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான் என்று இளவரசு அதை அறுத்து பிரஸ்ஸை ஓட்டினார். அய்யனார் வீட்டுக்குப் போகவில்லை. உள்ளே இருந்தான். தட்டியிருக்கிறான். யாரும் தூணில் கை வைக்கவில்லை. அறுத்த பூட்டை, மற்ற சாமான்களோடு, குமராட்சியில் அவன் கூடவே புதைத்துவிட்டார்கள்.

"நம்ம ராஜவேலு பொண்டாட்டிக்குக் கூடப் பொறந்த அண்ணன்தான்," என்றார் ஜான்சி.

கயல்விழி பூட்டை மேஜைமேல் வைத்தாள். வைத்தபோது அது இரண்டு துண்டாக இருந்தது.

அவளுடைய தாள் இளவரசின் சட்டைப் பையில் கிடைத்தது. போலீஸ்காரர்கள் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு மாதம் கழித்துக் கொடுத்தார்கள். ஓரமெல்லாம் பழுப்பு. இஸ்திரி போட்டாற்போல் தட்டை. சிதம்பரத்தில் காலேஜ் கிளார்க் கீழே இருந்த கையெழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"அய்யனார்… இவருதான் உங்க சூப்பர்வைசரா?"

"ஆமா சார்," என்றாள் கயல்விழி.

சீல் குத்திக் கொடுத்துவிட்டார். ஜூலையில் வேலையில் சேர்ந்தாள். கையெழுத்துக்குக் கீழே நேரமும் எழுதியிருந்ததைக் கிளார்க் கவனிக்கவில்லை.

12.52.